சிவப்பு வளையமும் அண்ணன் சட்டையும்

1.

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. பறவை ஆய்வாளரான என் மனைவி, சாப்பாட்டு மேசையில் அழுததிலிருந்து எடுத்தது. "எழுதிக்கங்க, எப்படியும் எழுதத்தானே போறீங்க" என்று மூக்கைச் சிந்திக்கொண்டே அனுமதியும் கொடுத்தாள்.

முதல் தொடக்கம்: 'ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வழியே இளவெயில்...' வேண்டாம். அந்தக் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். பெண் குருவி எந்த ஆணைத் தேர்ந்தெடுக்கிறது என்று நான்கு வருடமாகக் கூண்டு முன்னால் உட்கார்ந்து குறித்து வந்தாள். ஏழே ஏழு ஆண்களுக்குத்தான் கிராக்கி. அவற்றின் குஞ்சுகளும் கொழுகொழுவென்று இருந்தன. கவர்ச்சியான ஆணிடம் நல்ல மரபணு இருக்கிறது, பெண் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது என்று முடிவும் எழுதியாயிற்று. நேற்றுதான் கவனித்திருக்கிறாள்: அந்த ஏழின் காலிலும் சிவப்பு வளையம். அடையாளம் தெரிவதற்காக அவளே மாட்டிவிட்டது; மற்ற ஆண்களுக்கு வேறு வேறு நிறம்.

"அதுங்களுக்குப் பிடிச்சது ஆணை இல்லைங்க. என் வளையத்தை."

"குஞ்சுங்க நல்லா இருந்துச்சே?"

"சிவப்பு வளையக்காரனோட குஞ்சுன்னா அம்மாக்காரி ரெண்டு மடங்கு ஓடி ஓடி ஊட்டுறா. அதான் கொழுத்துச்சு. அப்பன் ஒண்ணும் கிழிக்கலை."

நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

2.

இந்த இடத்தில் கதாநாயகன்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. (கதாநாயகன் நான்தான். வேறு யாரும் கிடைக்கவில்லை.)

எங்கள் முதல் சந்திப்பை அவள் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறாள்: "கேன்டீன்ல அத்தனை பேரும் சாம்பல், பழுப்புன்னு உக்காந்திருக்காங்க. இவர் மட்டும் பளிச்சுனு சிவப்புச் சட்டை. என்ன தைரியம்னு நினைச்சேன்!" பதினொரு வருடமாக அந்தத் தைரியத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்தச் சட்டை...

(இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டேன்.)

அந்தச் சட்டை என் அண்ணனுடையது. அன்று என்னுடையதில் மை கொட்டிவிட்டது. எனக்கென்று இருந்தவை எல்லாம் சாம்பலும் பழுப்பும்தான்.*

* மரபணு விவரம் கேட்பவர்களுக்கு: எங்கள் மகளுக்கு என்னிடமிருந்து வந்தவை தட்டைப் பாதமும் அடுக்குத் தும்மலும். மூளை, பல்வரிசை எல்லாம் தாய்வழி.

3.

முடிவுகள் கைவசம் மூன்று. அவள் இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள் (சினிமாத்தனம்). படித்துவிட்டுப் பெட்டி கட்டுகிறாள் (எழுதக் கை வரவில்லை). படிக்கவே இல்லை (பயந்தாங்கொள்ளிக்கு ஏற்றது).

மூன்றையும் அவளே கெடுத்தாள். மறுநாள் பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வந்து நின்றாள்.

"என்ன சொன்னார்?"

"வளையத்தை எல்லாம் கழட்டிட்டு முதல்லேருந்து பாருன்னார்."

பிறகு என் காகிதங்களை நீட்டினாள். இரண்டாம் பகுதியின் ஓரத்தில் பென்சில் கோடு.

"அலமாரியில உங்க சாம்பல் சட்டை இருக்குல்ல? நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டு ஒரு மணிக்கு அதே கேன்டீனுக்கு வாங்க. நான் எந்த மேசையில உக்காரணும்னு நானே பாத்துக்கறேன்."

அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எவ்வளவோ யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

4.

ஒரு மணி. சுற்றிலும் சாம்பல், பழுப்பு. நடுவில் நானும் அதே. அவள் கையில் தட்டோடு வாசலில் நின்று ஒவ்வொரு மேசையாகப் பார்க்கிறாள். எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. தும்மல் வேறு முட்டிக்கொண்டு வருகிறது.

இதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை, தேர்வு அவளுடையது. ஆனால் வாசகரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் வரியிலிருந்து என் எதிர் நாற்காலியில் நீங்கள்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். கொஞ்சம் எழுந்துகொள்கிறீர்களா?