பூதம் உடைத்த பூசணிக்காய்கள்

பூதத்தின் தலை றப்பராலும் பஞ்சாலும் செய்தது. பார்ப்பதற்கு அதில் ஒரு கீறு விட்டிருந்தார்கள்; மூச்சு விடுவதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தத் தலைக்குள் நான் ஐந்து கோடைகாலம் இருந்தேன். பலெர்மோவில் ஓகஸ்ட் மாத மத்தியானத்தில் பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று விளங்கும். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல எனக்கு இப்போது தெம்பில்லை.

என்னைப் பூதமாக்கியது என் உயரம். ஊரில் இதே உயரத்தால்தான் வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போனது. கடைசியில் என் தோள்மட்டுக்கு நிற்கிற நகுலேஸ்வரன் வந்து, “மாங்காய் பிடுங்கக் கொக்கத்தடி தேவையில்லை” என்று சொல்லிக் கட்டிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் பலெர்மோவில் வீட்டு வேலைக்குப் பெண்களைத்தான் கேட்கிறார்கள் என்று முன்னே போனவர்கள் சொல்ல, தொண்ணூறாம் ஆண்டு நான்தான் முதலில் வந்தேன். அவரும் மகள் துசானியும் கொழும்பில் ஒரு வாடகை அறையில் நின்றார்கள். துசானிக்கு அப்போது இரண்டு வயது. ஒரு வருடத்தில் இரண்டு பேரையும் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். சொல்வதற்கு என்ன, வாய்தானே.

வந்து பார்த்தால் கதை வேறு. காலையில் பொலிதேயாமாவில் ஒரு சிஞ்ஞோரா வீட்டில் வேலை. நீ என் மகள் மாதிரி என்பாள் அந்த வீட்டுக்காரி. அந்த மகளை வேலைக்காரியாகப் பதிந்து கடதாசி தரச் சொன்னால் முகம் கறுத்துவிடும். பதிந்த வேலை, கொந்தராத்து என்கிற ஒப்பந்தக் கடதாசியோடு, தொடர்ந்து இருந்தால்தான் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்று விசா பார்க்கிற குவெஸ்துராவில் பொலிஸ்காரர் சொல்லிவிட்டார். பின்னேரங்களில் நகரத்து ஓரத்தில் ஒரு விளையாட்டுப் பூங்காவைக் கூட்டினேன். அங்கேயும் கடதாசி இல்லை, வாக்குறுதிதான்.

தொண்ணூற்றிரண்டில் பூங்கா முதலாளிக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. வெளிநாட்டில் எங்கேயோ ஒரு பெரிய பூங்காவில் பேய்கள் மேடையில் பாட்டுப் பாடி ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, இங்கேயும் நடத்தியே தீருவேன் என்று நின்றார். சுடலை வரைந்த திரை வந்தது, புகை அடிக்கிற மெசின் வந்தது, வாத்தியக்காரர் மூன்று பேர் வந்தார்கள். இரத்தம் குடிக்கிற பிரபுவாகக் கலோஜெரோ; கலியாண வீடுகளில் பாடித் திரிந்த ஆள், குரல் உண்மையிலேயே நல்ல குரல். ஓநாய் மனிதனாகத் தேவென். என்னோடு கூட்டுகிற மொரிசியஸ்காரன். துணி சுற்றிய பிணமாக முதலாளியின் மைத்துனி. எல்லோரையும் விட உயரமான பூதத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. முதலாளி சுற்றிவரப் பார்த்தார். கூட்டுகிற தும்புத்தடியோடு நான் நின்றேன்.

“கொந்தராத்துத் தந்தால் தலையைப் போடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்” என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். முதலாளி குள்ளம். கையெழுத்து வைத்தார்.

பூதத்துக்குப் பாட்டில்லை. கடைசியில் வந்து உறுமினால் போதும். ஆனால் ஒத்திகை தொடங்கியதிலிருந்து எல்லாம் பிசகு. ஒரு விளக்குக் கழன்று விழுந்தது. கலோஜெரோ படியில் தடக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டான். புகை மெசின் தானே எரிந்து புகைந்தது. எனக்கு விளங்கிவிட்டது, இது கண்ணூறு. புதுக் காரியம் ஒன்றைப் பூசணிக்காய் உடைத்துக் கழிப்புக் கழிக்காமல் தொடங்கினால் வேறென்ன நடக்கும்? காட்சி படுத்தால் என் கொந்தராத்தும் படுத்துவிடும். பிறகு துசானி எப்போது வருவது?

காட்சியின் முதல் நாள் காலை கபோ சந்தைக்குப் போனேன். நீத்துப்பூசணிக்கு அங்கே எங்கே போவது? மஞ்சள் பூசணியையே துண்டு துண்டாக வெட்டித்தான் விற்கிறார்கள். முழுசாய் வேண்டும் என்றதும் வியாபாரி, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். காசைக் கொடுத்துக் காயைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஊரில் இதை ஆண்கள்தான் உடைப்பார்கள். ஆகவே காட்சிக்கு முன், இரண்டு பேரும் வேடத்தோடு நிற்கையில், தேவெனைக் கேட்டேன். அவனுக்குத் தெரிந்த தமிழெல்லாம் கோயிலில் பாடுகிற நாலு தேவாரம். எங்கள் பேச்சு இத்தாலியனில்தான். ஆனாலும் கற்பூரத்தைக் கண்டதுமே விளங்கிக்கொண்டான். சரி என்று காயைத் தூக்கினான், அது வழுக்கியது. ஓநாய்க் கையுறை, நகம் வைத்து உடுப்போடு சேர்த்துத் தைத்தது.

“நீயே உடை” என்றான். “இந்தத் தலையோடு நிற்கிற உன்னைப் பெண் என்று எந்தச் சாமிக்குத் தெரியப்போகிறது?”

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மூடிய திரைக்குப் பின்னால், காயைக் குடைந்து குங்குமம் நிரப்பி, மேலே கற்பூரம் கொளுத்தி, நாலு திசைக்கும் காட்டிச் சுழற்றினேன். அந்தத் தலைக்குள் ஒன்றும் வடிவாகக் கேட்காது. வாத்தியம் தொடங்கியது கேட்கவில்லை. திரை விலகியதும் தெரியவில்லை. காயை ஓங்கி அடித்துவிட்டு நிமிர்ந்தால், முன்னால் கதிரை கதிரையாகச் சனம்.

மேடைப் பலகை முழுவதும் சிவப்பு. பிறகு பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று கத்தத் தொடங்கினார்கள். “ஆன்கோரா! ஆன்கோரா!” இன்னொருதரம் செய், இன்னொருதரம் செய் என்று. என்ன செய்வதென்று தெரியாமல் நான் உறுமினேன்.

முதலாளி மேடைக்குப் பின்னால் ஓடிவந்து என் றப்பர்த் தலையைப் பிடித்துக் கொஞ்சினார். அன்றிலிருந்து காட்சியின் முடிவே அதுதான். பிரபுவின் பாட்டு முடிய, பூதம் வந்து, நெருப்பெரிகிற பூசணிக்காயைச் சுற்றி உடைத்துவிட்டு உறுமும். ஒரு நாளைக்கு இரண்டு தரம், ஞாயிறென்றால் மூன்று.

எனக்கு அது பிடிக்கவேயில்லை. கழித்ததை ஒருவரும் கடக்கக்கூடாது. ஊரில் சந்தியில் உடைத்துக் கிடந்தால் சைக்கிளில் போகிறவன்கூட விலத்தித்தான் போவான். இங்கே காட்சி முடிந்ததும் பிள்ளைகள் மேடையில் ஏறித் துண்டுகளை மிதித்து வழுக்கி விளையாடினார்கள். “கடக்காதேங்கோ!” என்று தலைக்குள்ளிருந்து நான் தமிழில் கத்தினேன். அதற்கும் கைதட்டினார்கள். இந்தப் பிள்ளைகள் எல்லாம் எதைக் காலில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகின்றனவோ என்று முதலில் பயமாயிருந்தது. போகப் போகப் பயப்படவும் களைத்துவிட்டது. பூசணி கிடைக்காத நாட்களில் முதலாளி உள்ளே சிவந்த வத்தகப்பழம் வாங்கித் தந்தார். குங்குமத்துக்குப் பதில் தக்காளிச் சாறு. கற்பூரத்துக்குப் பதில் சாராயத்தில் நனைத்த பஞ்சு. அந்தக் கழிப்பில் கடைசியாக மிஞ்சியது என் இரண்டு கைகள் மட்டும்தான்.

அடுத்த வருடம் வாத்தியக்காரரை நிற்பாட்டிக் கசெற் போட்டார்கள். அந்த வருடம் என் விண்ணப்பமும் திரும்பி வந்தது, மூன்று பேருக்கு என் வீடு போதாதாம். சீசா என்கிற பகுதியில் மூன்றாம் மாடியில் சற்றுப் பெரிய வீடு ஒன்றுக்கு மாறி, திரும்பவும் விண்ணப்பித்தேன். பிறகு தேவென் வடக்கே ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். கலோஜெரோவின் குரலைச் சிகரெட் தின்றுவிட்டது. தான் முன்பு பாடிய பாட்டுக்குத் தானே வாயசைத்துக்கொண்டு நின்றான். எங்கள் எல்லோரிலும் உண்மையான சத்தம் போட்டது நான் ஒருத்திதான். உறுமலைக் கசெற்றில் பதிய மறந்துவிட்டார்கள்.

தொண்ணூற்றைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தேன். துசானிதான் எடுத்தாள்.

“ஆர் கதைக்கிறது?”

“நான்தான் பிள்ளை.”

“அப்பா கடைக்குப் போயிட்டார், அன்ரி. பிறகு எடுங்கோ.”

வைத்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களை எல்லாம் அன்ரி என்று கூப்பிட்டுப் பழகிய பிள்ளை, அவளில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. ரெலிபோன் கூட்டுக்குள் நின்று அழுதேன். இன்னும் ஒன்றிரண்டு வருடம் போனால் நான் கூப்பிட்டு எடுக்கப்போவது என் மகளை அல்ல, யாரோ ஒரு அன்ரி வீட்டுக்கு வருகிற ஒரு பிள்ளையை.

அந்தக் கோடை முடிய முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஞானாம்பிகை என்ற பெயர் அவர் வாய்க்குள் நுழையாது.

“முடிந்தது, ஜானா. பேய்களுக்கு இனி ஆள் வராது. பிள்ளைகள் வீட்டிலிருந்து வீடியோ கேம் விளையாடுகிறார்கள்.”

“இன்னும் ஒரே ஒரு கோடை.”

“ஓநாய்க்கு ஆளில்லை. என் மைத்துனி கைக்குழந்தையோடு நிற்கிறாள். யார் ஆடுவது?”

“நான் ஆடுகிறேன். எல்லாவற்றையும்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இரக்கப்பட்டாரோ, மலிவென்று நினைத்தாரோ, தலையாட்டினார்.

அந்தக் கடைசிக் கோடையில் நானே ஓநாயாக ஊளையிட்டு, பின்னால் ஓடிப்போய்த் துணி சுற்றிக்கொண்டு பிணமாக நடந்து, திரும்ப ஓடிப்போய்ப் பூதமானேன். உடுப்பு மாற்றுகிற நேரத்தில் கலோஜெரோ சும்மா நின்று இருமுவான். சில நாட்களில் எந்தத் தலை போட்டிருக்கிறேன் என்று எனக்கே மறந்துவிடும். வீட்டுக்குப் போனால் கையைத் தூக்கித் தலைமயிர் சீவ முடியாது. ஆனால் கொந்தராத்து உயிரோடு இருந்தது. செப்ரெம்பரில் காட்சியை மூடினார்கள். முதலாளி வருடக் கடைசிவரை என் பெயரை வெட்டாமல் விட்டுவைத்தார். ஒக்ரோபரில் இரண்டு பேருக்கும் விசா வந்தது.

நவம்பரில் புந்தா ரைசி விமான நிலையத்தில் நகுலேஸ்வரனை அடையாளம் கண்டேன், தலை நரைத்திருந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளைக்கு எட்டு வயது, என்னைப் போலக் கால் நீளம். அவள் கைகூப்பி “வணக்கம்” என்றாள். யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அணைக்கப் போனேன், தகப்பனின் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய்விட்டாள். பஸ்ஸில் யன்னலைப் பார்த்தபடி வந்தாள். வழியெல்லாம் நான் கதைக்க, தகப்பன்தான் பதில் சொன்னார்.

வீட்டு வாசலில் இரண்டு பேரையும் மறித்தேன்.

“அங்கையே நில்லுங்கோ. கண்ணூறு கழிச்சிட்டு உள்ளை எடுக்கிறன்.”

இத்தனை வருடமாக ஊர்ப்பிள்ளைகளின் சிரிப்புக்காக உடைத்துத் தள்ளியிருக்கிறேன். இது ஒன்றையாவது என் பிள்ளைக்காக, முறைப்படி. விடிய எழும்பிக் கபோவுக்குப் போய், இருந்ததில் நல்லதாகப் பார்த்து வாங்கிய காய். உண்மையான குங்குமம், உண்மையான கற்பூரம். கொளுத்தினேன். அவர்களைச் சுற்றி மூன்று தரம் சுழற்றினேன். மனதில் எந்தக் குறையும் இல்லை. தலைக்கு மேலே தூக்கி ஓங்கி உடைத்தேன்.

உடைத்த கையோடு, என்னைக் கேட்காமல், என் தொண்டை உறுமியது.

சின்ன உறுமல் அல்ல. கடைசி வரிசைக்கும் கேட்கிற, ஐந்து கோடைகாலத்து உறுமல். படிக்கட்டு முழுவதும் எதிரொலித்தது. மேல்மாடியில் யாரோ கதவைத் திறந்து மாதாவைக் கூப்பிட்டார்கள். நகுலேஸ்வரனின் கையிலிருந்த பெட்டி கீழே விழுந்தது. துசானியைக் காணவில்லை; தகப்பனின் பின்னால் இரண்டு கைவிரல்கள் மட்டும் தெரிந்தன.

“என்னப்பா இது?” என்றார் அவர்.

நிலம் பிளந்தால் போய்விடலாம் போலிருந்தது. இவ்வளவு பாடுபட்டுக் கூப்பிட்டு, வாசலில் வைத்துப் பயப்படுத்திவிட்டேனே.

கோட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு கண் வந்தது. பிறகு முழு முகமும் வந்தது.

“இன்னொருக்காச் செய்யுங்கோ” என்றாள்.

“காய் உடைஞ்சு போச்சுது, பிள்ளை.”

“காய் வேண்டாம். சத்தம் மட்டும்.”

தோள் இரண்டும் வலித்தன. மேல்மாடியில் இன்னும் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கி உறுமினேன். துசானி சிரித்தாள். இரண்டு வயதில் கேட்ட சிரிப்பு. அது எனக்கு மறந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டே தகப்பனை விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள், நேரே, உடைந்து கிடந்த துண்டுகளை எல்லாம் மிதித்துக் கடந்து. மறித்திருக்க வேண்டும். நான் மறிக்கவில்லை.

சிவந்த செருப்போடு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இன்னொருக்கா, அன்ரி!”

“அன்ரி இல்லை, அம்மா எண்டு சொல்லு” என்றார் நகுலேஸ்வரன்.

“விடுங்கோ” என்று சொல்லிவிட்டு, நான் திரும்பவும் கையைத் தூக்கினேன்.