வாய்விட்டுச் செய்த தியானம்

நல்லது செய்தே தீருவேன் என்று ஒருவர் கிளம்பிவிட்டால் அவரை நிறுத்துவதற்கு இன்னும் மருந்து கண்டுபிடிக்கவில்லை. பல் செட் செய்யும் அந்தப் பட்டறையின் முதலாளி அந்த ரகம். தங்கமான மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போய்விடலாம். இவரை என்ன செய்வது?

பட்டறையில் மொத்தமே மூன்று பேர். பல் டாக்டர்கள் அனுப்புகிற அளவுகளில் பிளாஸ்டர் ஊற்றி, அதை மெஷினில் சீவி எடுப்பது முதலாளி. நடுவில் தினமும் ஒரு ஜோக் சொல்வார். சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுவது பீங்கான் அக்கா. கை ஓய்ந்தாலும் அக்காவுக்கு வாய் ஓயாது. ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து மெழுகில் பல் நட்டு செட் கட்டுகிறவள் அச்சு. அவள் கட்டிய செட் அச்சில் வார்த்த மாதிரி உட்காரும் என்பதால் வந்த பெயர் அது. சொந்தப் பெயர் சம்பள நாளில் மட்டும் வெளியே வரும்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "எனக்கு ஆட்டிசம். பின்னாலேருந்து தோள்ல கை வைக்காதீங்க. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா எனக்கு ஒண்ணும் புரியாது. மத்தபடி நல்லா வேலை செய்வேன்."

"எனக்கு மூட்டு வலி. அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க முதலாளி," என்றாள் அக்கா. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சில வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. பிளாஸ்டர் மெஷின் அலறியது. ரேடியோ பாடியது. அக்கா ஃபோனில் ஸ்பீக்கரைப் போட்டு நாத்தனாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மெழுகு விற்க வந்தவர் சென்டிலேயே குளித்துவிட்டு வந்திருந்தார். அச்சு கருவியைக் கீழே வைத்துவிட்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்தா டாக்டரம்மா உள்ளே வர வேண்டும்? பட்டறைக்கு வரும் வேலையில் பாதி அந்த அம்மா கொடுப்பது. முதலாளி முகத்தில் ஈயாடவில்லை.

"யாரது கீழே?" என்று குனிந்தார் டாக்டரம்மா.

"பல்லு ஒண்ணு விழுந்துடுச்சு டாக்டர். தேடுறா," என்று அக்கா சமாளித்தாள்.

"விழலை," என்றது பெஞ்சுக்கு அடியிலிருந்து குரல்.

அன்று சாயங்காலமே முதலாளிக்கு யோசனை உதித்துவிட்டது. "பின்னாடி சாமான் ரூம் சும்மாதானே கிடக்கு? ஒழிச்சு உனக்குத் தர்றேன். கதவைச் சாத்திக்கிட்டு நீ பாட்டுக்கு வேலை செய். நிம்மதியா இருக்கும்."

"சரி," என்றாள் அச்சு. யார் என்ன சொன்னாலும் சரி என்று சொல்லிவிடுவது சின்ன வயதிலிருந்தே அவளுக்குப் பழக்கம். சரி என்றால் பேச்சு முடிந்துவிடும், எதிரே இருக்கிறவர் போய்விடுவார். சொன்ன கையோடு வயிறு வலித்தது. அதுவும் பழக்கம்தான். எது நடந்தாலும் வயிறு வலிக்கும். டாக்டர்கள் படமெல்லாம் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று அனுப்பியிருந்தார்கள்.

ஆட்டிசம் என்றால் ஆள் வாடையே ஆகாது என்று ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. அச்சுவை ஒரு வார்த்தை கேட்டவர் உண்டா? அக்காவின் நாத்தனார் புராணத்தைக் கேட்டுக்கொண்டே மெழுகை வழிப்பதுதான் அவள் நாளிலேயே நல்ல பொழுது. அவள் வாய் திறப்பதில்லை என்பதால் காதில் விழவில்லை என்று அர்த்தமா? நாத்தனார் வீட்டுச் சமையலறைக் குழாய் எத்தனை தடவை உடைந்தது, யார் உடைத்தது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்த பெஞ்சை விட்டு அவள் போகக் கூடாது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

நல்லவேளையாக அக்கா குறுக்கே வந்தாள். "ரூமெல்லாம் எதுக்கு முதலாளி? தியானம் கத்துக்கட்டும். என் நாத்தனாரே அதுல கொஞ்சம் அடங்கியிருக்கா."

"அதையும் பார்ப்போம். ஒரு மாசம். சரிப்படலைன்னா ரூம்தான்," என்றார் முதலாளி. வகுப்புக்கான பணத்தையும் அவரே கட்டிவிட்டார். தங்கமான மனிதர் என்று சொன்னேனே.

தியான வகுப்பு ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்கு மேல்மாடியில். கீழே இரும்பு விழும் சத்தம், மேலே மன அமைதி. நடத்துகிற பெண்மணிக்குப் பஞ்சு மாதிரிக் குரல். முதல் நாள், "உங்க மூச்சைக் கவனிங்க" என்றார். அச்சு கவனித்தாள். அவள் ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வகுப்பு முடிந்து பஸ் ஏறிய பிறகும் மூச்சு அவள் பொறுப்பிலேயே இருந்தது. தானாக ஓடிக்கொண்டிருந்ததை இப்போது அவளேதான் இழுக்க வேண்டியிருந்தது, அவளேதான் விட வேண்டியிருந்தது. கொஞ்சம் அசந்தால் நின்றுவிடுமோ என்று வேறு பயம். தூக்கம் கண்ணைச் சுழற்றும்வரை மூச்சோடு மாரடித்தாள்.

அடுத்த வகுப்பில் நேராகப் போய்க் கேட்டாள். "மூச்சைக் கவனிங்கன்னு சொன்னீங்க. எப்ப நிறுத்தணும்னு சொல்லவே இல்லையே."

பஞ்சுக் குரலம்மா திகைத்துத்தான் போனார். ஆனால் சிரிக்கவில்லை. "மூச்சு உங்களுக்கு வேணாம்," என்றார். "வேற ஒண்ணு செய்யலாம். என்ன வந்தாலும் அதுக்கு ஒரு பேர் வைங்க. சத்தம் வந்தா சத்தம். அரிப்பு வந்தா அரிப்பு. நல்லதா கெட்டதான்னு பார்க்க வேணாம். பேரை வச்சுட்டு விட்டுடுங்க."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். அமைதி இறங்கியது. "இரும்பு," என்றாள் அச்சு கணீரென்று. "இரும்பு. முழங்கால். பக்கத்துல இருக்கவர் இருமல்."

"மனசுக்குள்ள சொல்லுங்க," என்றார் பஞ்சுக் குரலம்மா மெதுவாக.

"மனசுக்குள்ள எனக்குப் படம்தான் வரும். வார்த்தை வாய்லதான் வரும்."

அந்த அம்மா தலையாட்டினார். "அப்ப வாய்லயே சொல்லுங்க. மெதுவா." முன்வரிசையில் ஒருவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சிரிப்பு," என்றாள் அச்சு. "என்னோடது இல்ல."

இப்படியாக அவள் தியானம் வாய்விட்டு நடந்தது. வகுப்பு முடிந்ததும் அந்த அம்மா ஒரு நாள் அவளை நிறுத்தினார். "அடிக்கடி வயிறுன்னு சொல்றீங்களே. அதுக்கு உள்ள என்ன இருக்குன்னு பாருங்க."

அச்சுவுக்கு இது புரிந்தது. பல் செட் போட்டவர்கள் குத்துகிறது என்பார்கள், எங்கே என்று சொல்லத் தெரியாது. உள்பக்கம் ஒரு வெள்ளைப் பசையைத் தடவி வாயில் போட்டு எடுத்தால், அழுத்துகிற இடத்தில் மட்டும் பசை விலகித் தெரிந்துவிடும். அதே மாதிரி வயிற்றையும் பார்த்தாள். உடனே ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். டிக்கெட் கையில் இருந்தும் வயிறு வலித்தது. "வயிறு," என்றாள். "வயிறு. பயம்." இத்தனை வருஷம் மாத்திரை தின்றது பயத்துக்கா? அவளுக்கு வந்த சந்தோஷத்தில் பரிசோதகரைப் பார்த்து, "இது பயம்" என்றாள். அவர் டிக்கெட்டைக்கூட வாங்கிப் பார்க்காமல் நகர்ந்துவிட்டார்.

பட்டறையில்தான் கூத்து. காலையில் முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டு ஜோக்கை ஆரம்பிப்பார். பாதியில் ஜன்னலோரத்திலிருந்து, "சலிப்பு" என்று வரும். தொடர்வார். "சலிப்பு. கொஞ்சம் கூடுது." அக்கா பீங்கான் பல்லைக் கீழே போட்டுவிட்டுச் சிரிப்பாள். ஜோக்குக்குச் சிரிக்கிறாளா, இதற்குச் சிரிக்கிறாளா என்று முதலாளிக்குத் தெரியும். மெழுகு விற்பவர் உள்ளே நுழைந்தால், "வாசனை. தலைவலி." அந்த மனிதர் பிறகு வாசலிலேயே நின்று வியாபாரம் செய்யப் பழகிக்கொண்டார்.

ஒரு நாள் டாக்டரம்மா வந்து, பல்லின் நிறம் மாறிவிட்டது என்று முதலாளியை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார். "பயம்," என்றாள் அச்சு, தலை நிமிராமல்.

"யாருக்குப் பயம்?" என்று திரும்பினார் டாக்டரம்மா.

"எனக்குத்தான்," என்று வாய் தவறி முதலாளி சொல்லிவிட்டார்.

டாக்டரம்மா பையைக் கீழே வைத்தார். "எனக்குப் பசி. காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலை. அந்தப் பல்லை நாளைக்குப் பார்த்துக்கலாம்." அக்கா பிஸ்கட் டப்பாவை நீட்டினாள். அன்று போல ஒரு சுமுகமான சண்டை அந்தப் பட்டறையில் நடந்ததே இல்லை.

சொல்ல வேண்டியது இன்னொன்று. அந்த மாதம் முழுக்க அச்சு ஒரு தடவைகூட பெஞ்சுக்கு அடியில் போகவில்லை. அவள் சாந்த சொரூபியாகிவிட்டாள் என்றெல்லாம் இல்லை. மெஷின் அலறத் தொடங்கியதும், "சத்தம்" என்பாள்; அக்கா கை நீட்டி ரேடியோவை அணைப்பாள். "சத்தம், ரெண்டு பக்கமும்" என்றால் ஃபோன் ஸ்பீக்கர் போகும். முன்பெல்லாம் தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். இப்போது முழங்காலளவு வரும்போதே தெரிந்தது.

அச்சு ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் முதலாளியின் கணக்கு வேறு. நல்லதா கெட்டதா என்று பார்க்காமல் பேர் வைப்பதுதான் பயிற்சி என்று அவருக்கு யார் சொன்னது? சத்தம், வாசனை, சலிப்பு என்று காதில் விழுந்ததெல்லாம் அவருக்குப் புகாராகவே விழுந்தது. ஐயோ, இந்தப் பொண்ணு இங்கே நரகத்தில் அல்லவா இருக்கிறாள் என்று மருகினார். ஜோக்கையும் நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வந்து சாமான் அறையை ஒழித்தார், தானே பெயிண்ட் அடித்தார், கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார், கண் கூசாத விளக்கு ஒன்று வாங்கி மாட்டினார். மாதம் முடிந்த மறுநாள் காலை அச்சுவின் கருவிகளை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"வா," என்றார் முகமெல்லாம் பூரித்து. "உனக்காக."

அச்சு தட்டை வாங்கிக்கொண்டாள். அறைக்குள் போனாள். அவர் கதவைச் சாத்தினார். ரப்பர் பட்டை நன்றாகவே வேலை செய்தது.

"சுவர்," என்றாள் அச்சு. "பெயிண்ட். விளக்கு." விளக்கு உண்மையிலேயே நல்ல விளக்கு. "சத்தம் இல்ல. அக்கா இல்ல." நாற்காலியில் உட்கார்ந்தாள். "வயிறு. வயிறு." உள்ளே என்ன என்று பார்த்தாள். பயம் இல்லை. பயத்தை இப்போது அவளுக்கு அடையாளம் தெரியும். இது வேறு, கனமாக, அடியில் கிடந்தது. "துக்கம்," என்றாள். தன்னைப் பற்றி அந்த வார்த்தையை அவள் இதற்கு முன்னால் சொன்னதில்லை. சொன்னதும் கண்ணில் நீர் வழிந்தது.

கதவு திறந்தது. முதலாளி தலையை நீட்டினார், அவர் தோளுக்கு மேலே அக்கா. "எப்படி? பிடிச்சிருக்கா?"

அச்சு வாயைத் திறந்தாள். பிறகு மூடினாள். "சரின்னு வருது," என்றாள். முதலாளிக்குப் புரியவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் தேடினாள். "சரிக்கு உள்ள வேண்டாம் இருக்கு."

"வேண்டாமா?"

"வேண்டாம். எனக்கு உங்க ரெண்டு பேர் கூட இருக்கணும்."

முதலாளி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். "மாசம் பூரா சத்தம் சத்தம்னு சொன்னியேம்மா."

"சத்தம் இருந்துச்சு. சொன்னேன்."

"நான் வாயைத் திறந்தா சலிப்புன்னே."

"சலிப்பும் இருந்துச்சு."

"அப்புறம் எதுக்கு எங்க கூட இருக்கணும்கிற?"

இது நிஜமான கேள்வி என்பதால் அச்சு நேரம் எடுத்துக்கொண்டாள். "வீட்லயும்தான் சலிப்பு இருக்கு. அதுக்காக யாரும் வீட்டை விட்டுப் போறதில்லையே."

முதலாளி எங்கோ பார்த்தார். "இதை நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்கலை. நிம்மதியா இருக்கும்னு சொன்னீங்க."

அக்காதான் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏன் முதலாளி, கத்துறது உங்க மெஷின். அதை நடுவீட்டுல வச்சுக்கிட்டு, புள்ளையத் தூக்கி உள்ள அடைப்பாங்களா? மெஷினை உள்ள போடுங்க."

முதலாளி மெஷினைப் பார்த்தார், புது பெயிண்டைப் பார்த்தார், சட்டைக் கையை மடித்தார். மெஷின் லேசில் அசைகிற சாமான் இல்லை. மூன்று பேரும் சேர்ந்து தள்ளியதில் கதவோரத்து பெயிண்ட் பெயர்ந்தது. கண் கூசாத விளக்குக்குக் கீழே மெஷின் ராஜா மாதிரிப் போய் உட்கார்ந்தது. முதலாளி அதனோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அது அலறியதோ இல்லையோ, வெளியே ஒன்றும் கேட்கவில்லை.

அச்சு தன் பெஞ்சில் உட்கார்ந்து மெழுகைச் சூடாக்கினாள். வயிற்றைத் தேடினாள், அது இருக்கிற இடம் தெரியவில்லை. பக்கத்தில் அக்கா ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அச்சுவுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதே என்று, நாத்தனாரோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் சத்தமா பேசுங்கக்கா," என்றாள் அச்சு. "குழாய் விஷயம் என்னாச்சுன்னு காதுல விழலை."