டொம் கேட்கும் வரை

அந்த சர்வீஸ் சென்டரின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாசனை இருக்கிறதே, அங்கே சொல்லப்படும் முதல் பொய் அதுதான். கிரீஸும் எண்ணெயும் நாற வேண்டிய இடத்தில் ஏதோ பூ வாசனையை எந்நேரமும் பீய்ச்சிக்கொண்டிருப்பார்கள். பிரேக் அக்காவுக்கு அந்த வாசனை பட்டாலே குமட்டும். போன வருஷத்திலிருந்து அங்கே நடையாய் நடந்ததில், வீட்டில் யாராவது சென்ட் பூசிக்கொண்டு வந்தால்கூட எரிந்து விழும் அளவுக்கு ஆகிவிட்டது.

பிரேக் அக்கா என்பது அவள் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் வைத்த பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. அந்த மாதிரி காரில் சொல்லிக்கொடுக்கிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்கிறவர் தடுமாறினால் இவள் பக்கத்திலிருந்தே மிதித்து நிறுத்திவிடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாய்க்குட்டி மேல்கூட வண்டியை ஏற்றவில்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நியாயமான கர்வம்தான், யாரும் குறை சொல்ல முடியாது.

அவளுடைய கார் ஆட்டோமேட்டிக். கிளச் கிடையாது. லீவரை ஓட்டும் நிலைக்குத் தள்ளிவிட்டு பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் போதும், வண்டி தானாகவே மெல்ல ஊர ஆரம்பிக்கும். ஆரம்பிக்க வேண்டும். வாங்கின புதிதில் ஒழுங்காகத்தான் ஊர்ந்தது. ஒருநாள் காலையில் மக்கர் பண்ணியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தாள், இன்ஜின் மட்டும் கத்தியது. இன்னும் மிதித்தாள். அடியில் எங்கோ 'டொம்' என்று சத்தம் கேட்டது, பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி வண்டி துள்ளிப் பாய்ந்தது.

ஓட்டுகிறவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. சர்வீஸ் சென்டருக்கு ஓடினாள். அங்கே போனால் இவளைப் போல இன்னும் பல பேர் அதே 'டொம்'மைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கொஞ்ச நாளில் கம்பெனியிலிருந்து கடிதமும் வந்தது. இந்த மாடலின் கியர்பாக்ஸில் ஒரு பாகம் சரியில்லை, எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றித் தருகிறோம், பாகம் வந்ததும் தகவல் சொல்கிறோம், அதுவரை வண்டியைப் பயன்படுத்தலாம், பயப்பட ஒன்றுமில்லை. கடைசி வரியைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தார்கள். என்ன கரிசனம் பாருங்கள்.

பாகம் வந்தால்தானே! மழை முடிந்து வெயில் வந்தது, வெயில் முடிந்து திரும்ப மழை வந்தது, பாகம் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் பதில் சொல்ல ஓர் இளைஞனை உட்கார வைத்திருந்தார்கள். கழுத்தில் டை, முகத்தில் எப்போதும் அழியாத ஒரு சிரிப்பு. பூ வாசனையில் பாதி அவன் சட்டையிலிருந்துதான் வருகிறது என்பது பிரேக் அக்காவின் முடிவு, அதனால் அவனுக்கு வாசனைத் தம்பி என்று பெயர் வைத்திருந்தாள். போகும்போதெல்லாம் அரைத்த மாவையே அரைப்பான். கப்பலில் வருகிறது என்பான், துறைமுகத்தில் நிற்கிறது என்பான், மேலிடத்தில் சொல்லியிருக்கிறேன் என்பான். பேசி முடித்ததும், "காபி சாப்பிடுறீங்களா மேடம்?" என்று கேட்பான். அந்தக் காபியைக் குடித்தால் அவன் சொன்னதையும் சேர்த்து விழுங்கின மாதிரி ஆகிவிடும் என்று இவள் ஒருநாளும் தொட்டதில்லை.

வண்டியை நிறுத்திவைத்தால் வீட்டில் அடுப்பெரியாது. அவளிடம் இருப்பது அந்த ஒரே வண்டி. அதனால் அவள் என்ன செய்தாள் என்றால், வண்டியின் கோளாறையே பாடமாக்கிவிட்டாள். "பிரேக்கை விட்டதும் நகராது. ஆக்சிலரேட்டரை மிதிச்சுக்கிட்டே இரு. டொம்முனு கேட்கும். கேட்டதும் காலை எடுத்துடு, வண்டி பதவிசாப் போகும்" என்று வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவர்களும் சமர்த்தாகக் கற்றுக்கொண்டார்கள். முகம் சுளிக்காமல் மிதிப்பார்கள், டொம் விழுந்ததும் காலை எடுப்பார்கள், வண்டி போகும். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமை தாங்கவில்லை.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அதிகம் பேசாத மனிதர். ஒருநாள் சாப்பிடும்போது, லிஃப்டில் கோளாறு என்று கூப்பிட்டால் நாங்கள் முதலில் கதவில் 'பழுது, ஏறாதீர்கள்' என்ற பலகையைத்தான் மாட்டுவோம், ஸ்பேனரை எடுப்பது அப்புறம்தான் என்றார். இவளுக்குச் சுருக்கென்றது. உங்களுக்கு மாதம் பிறந்தால் சம்பளம், எனக்கு வண்டி ஓடினால்தான் சோறு என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அதே சமயத்தில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. அவளிடம் கற்றுக்கொண்டு உரிமம் வாங்கிய மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். புதுசாக ஆட்டோமேட்டிக் கார் வாங்கினாராம், முதல் நாளே வாசலிலிருந்த பூந்தொட்டிகளை எல்லாம் நொறுக்கிவிட்டாராம். "புது வண்டி கொஞ்சம் முரடா இருக்கு அக்கா" என்று சிரித்தார். உங்கள் கால்தான் முரடு என்று இவளும் சேர்ந்து சிரித்தாள். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்துவிட்டு போனை வைத்தார்கள்.

இப்போது நாத்தனாருக்கு வருவோம். கணவரின் தங்கை. புருஷனோடு ஒத்துப்போகாமல் பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். பூனை மாதிரி நடப்பாள். ஒரு டம்ளர் எடுத்தால்கூடக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, எடுத்த சுவடே இல்லாமல் நகர்ந்துவிடுவாள். அடுத்தவர் வீட்டில் இருக்கிறோம் என்பது அவளுடைய ஒவ்வொரு அசைவிலும் தெரியும். பிரேக் அக்காவுக்கு அதைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்காது. வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலை ஒன்று அவளுக்குக் கூடிவந்தது. வேலைக்கு அவர்களே காரும் கொடுப்பார்கள், தங்க ஓர் அறையும் உண்டு. கார் ஓட்டும் உரிமம் மட்டும் வேண்டும், மாதக் கடைசிவரை இடத்தை வைத்திருப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

பிரேக் அக்கா அவளுக்கு உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்தாள். நாத்தனாரும் சொன்னதை அப்படியே செய்கிற ரகம். தேர்வு நாளன்று உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்குப் போனால், இந்த மாதத்திலிருந்து புது விதியாம். இத்தனை நாளும் கற்றுக்கொண்ட காரிலேயே ஓட்டிக் காட்ட முடிந்தது, இனிமேல் அலுவலகத்துக் காரில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். கார் காராகத்தானே இருக்கும், தைரியமாகப் போ என்று அனுப்பிவிட்டு வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் கண்ணாடியைச் சரிசெய்தாள், பெல்ட் போட்டாள், லீவரைத் தள்ளினாள். எல்லாம் அச்சு அசலாக இவள் சொல்லிக்கொடுத்தபடி. பிரேக்கை விட்டாள். பக்கத்தில் தேர்வு அதிகாரி காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அடுத்த நொடி வண்டி சீறிக்கொண்டு கிளம்பியது. வரிசையாக வைத்திருந்த பிளாஸ்டிக் கூம்புகளை வாரி அடித்துக்கொண்டு போய், நடைபாதை விளிம்பில் முட்டி நின்றது. அதிகாரி இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

நாத்தனார் நடந்து வந்தாள். அழக்கூட இல்லை. தப்பு தன்னுடையது என்று எதையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிற அந்த முகத்தோடு வந்து நின்று, மெதுவாகச் சொன்னாள்.

"மிதிச்சேன் அண்ணி. டொம் கேட்கவே இல்ல. அதான் இன்னும் மிதிச்சேன்."

பிரேக் அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. நல்ல வண்டியில் எங்கிருந்து வரும் டொம்? அந்தப் பெண்ணின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாள் வாசனைத் தம்பியைப் பார்த்து வந்த அதே குமட்டல் இப்போது தன்னைப் பார்த்தே வந்தது. வீட்டுக்கு வந்ததும் வாந்தி எடுத்தாள். கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பலகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை காரைக் கொண்டுபோய் சர்வீஸ் சென்டர் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வண்டி உள்ளே போக முடியவில்லை, ஒரு வண்டி வெளியே வர முடியவில்லை. வாசனைத் தம்பி ஓடிவந்தான், காபி வேண்டுமா என்றான். இவள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். அப்புறம் மேனேஜர் வந்தார். புது கார் வாங்க வந்தவர்கள் வெளியே நின்று வேடிக்கை பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்தது. உள்ளே போனார், யாரிடமோ பேசினார், திரும்பி வந்தார். பாகம் ஒன்று இருக்கிறதாம். மாடியில், அவர்களுடைய சொந்தக் கிடங்கிலேயே.

கப்பலில் வந்துகொண்டிருந்தது, துறைமுகத்தில் நின்றது எல்லாம் தலைக்கு மேலே இருந்த அலமாரியில்தான் இருந்திருக்கிறது. சத்தம் போடுகிறவர்களுக்குக் கொடுப்பதற்காகச் சிலவற்றை எடுத்து வைத்திருப்பார்களாம். இதை மேனேஜர் கூச்சமே இல்லாமல், ஏதோ அவளுக்குச் சலுகை காட்டுகிற குரலில் சொன்னார். உள்ளே காத்திருந்த மற்றவர்கள் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேள்வியும் கேட்காமல் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது, நேற்றுவரை அங்கே உட்கார்ந்திருந்த தன்னை நினைத்தும் இருந்தது.

வண்டி தயாரான அன்று நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனாள். இன்னொரு தேர்வு நாள் கிடைத்திருந்தது, மாதக் கடைசிக்குள். நல்ல வண்டியில் அவளுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். டொம்மை மறந்துவிடு, இனி பிரேக்கை விட்டால் தானாக நகரும், ஆக்சிலரேட்டரைத் தொடவே தொடாதே. நாத்தனார் தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

அங்கே வண்டியின் மூக்கில் சிவப்பு ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு வண்டியைப் பெற்றுக்கொள்வதைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டுமாம். ஒரு வருஷம் இழுத்தடித்துவிட்டு ரிப்பன் வேறு! இவள் ஓட்டும் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். நாத்தனார் பக்கத்தில், அக்கா வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள். வாசனைத் தம்பி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு நேரே முன்னால் நின்று, கொஞ்சம் சிரிங்க மேடம் என்றான்.

அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் சீக்கிரம் கிளம்பினால் போதும் என்று அவள் லீவரைத் தள்ளினாள். பிரேக்கை விட்டாள். மிதித்தாள்.

டொம் கேட்கவில்லை. இன்னும் மிதித்தாள்.

வண்டி பாய்ந்தது. பாய்ந்த வேகத்திலேயே முகம் கண்ணாடியில் மோதுகிற மாதிரி குலுங்கி நின்றது. நிறுத்தியது அவள் கால் இல்லை. நாத்தனார் தன் காலடியிலிருந்த பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டிக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி வாசனைத் தம்பி தரையில் குந்தியிருந்தான், போன் எங்கோ போய் விழுந்திருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவன் எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டிக்கொண்டான். டையைச் சரிசெய்தான். சிரிப்பும் திரும்பி வந்துவிட்டது. ஜன்னலருகே குனிந்து சொன்னான்.

"வண்டியில இப்ப ஒரு குறையும் இல்ல மேடம். இனிமே ஓட்டுறவங்கதான் பாத்து ஓட்டணும்."

வாயில் வந்ததையெல்லாம் அவன் முகத்தில் கொட்ட வேண்டும் போலிருந்தது. பொய்யாகச் சொல்லித் தொலைத்திருந்தால் சண்டை போடலாம். வருஷம் முழுக்கப் பொய் சொன்னவன் அன்றைக்குப் பார்த்து உண்மையைச் சொல்லிவிட்டான். வழியெல்லாம் டொம்மை மறந்துவிடு என்று உபதேசம் பண்ணிக்கொண்டு வந்தவளின் காலே மறக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. டொம்முக்காக மிதிக்கிற இந்தக் காலை அவள் தனக்கு மட்டுமா வைத்துக்கொண்டாள்? இந்தக் காரிலேயே ஓட்டிக் காட்டி உரிமம் வாங்கிக்கொண்டு, கையைக் குலுக்கிவிட்டுப் போனவர்கள் எல்லோருக்கும் அல்லவா மாட்டி அனுப்பியிருக்கிறாள்! எல்லோரும் இப்போது ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு நல்ல வண்டியில், டொம்முக்காக மிதித்துக்கொண்டிருப்பார்கள். பூந்தொட்டி ஞாபகம் வந்தது. அதற்கு எப்படிச் சிரித்தோம் என்பதும் ஞாபகம் வந்தது. எச்சில் கசந்தது.

இறங்கி, ரிப்பனைப் பிய்த்து எறிந்துவிட்டு, நாத்தனாரை ஓட்டும் இருக்கைக்கு மாறச் சொன்னாள். தான் பிரேக் பக்கம் உட்கார்ந்து மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஸ்கூல் வாசல்ல அக்கா. வண்டியிலதான் இருக்கேன், பொண்ணு வெளிய வர்ற நேரம். என்ன அக்கா, குரல் ஒரு மாதிரி இருக்கு. ஏதாவது பிரச்சனையா?"

பின்னணியில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. "பயப்பட ஒண்ணும்..." என்று அவள் வாய் தானாகத் தொடங்கியது. அந்தக் கடிதத்தின் கடைசி வரி, தடித்த எழுத்தோடு, அவள் நாக்கில் வந்து உட்கார்ந்திருந்தது. அதைத் துப்புகிறவள் போல உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"பயப்படணும். லீவரைத் தொடாதீங்க. இன்ஜினை நிறுத்திட்டு இறங்கி நில்லுங்க. நான் உங்களுக்குத் தப்பாக் கத்துக்குடுத்துட்டேன். இப்ப வர்றேன்."

போனை வைத்துவிட்டு அடுத்த எண்ணைத் தேடினாள். பக்கத்தில் நாத்தனார் லீவரைத் தள்ளி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, அதைத் தரையில் ஊன்றி வைத்துக்கொண்டாள். வண்டி தானாக நகர்ந்து வாசலைத் தாண்டியது.