தாழ்ப்பாள் எட்டாத ஊர்

சலூன்காரர் மகள் படம் வரைய ஆரம்பித்த பிறகு எங்கள் ஊர் பெரிதாகிவிட்டது. ஜனம் பெருகியதையோ புதுக் கட்டடம் வந்ததையோ சொல்லவில்லை. அதே தெரு, அதே வீடு, அதே தெருக்குழாய். எல்லாம் நின்ற இடத்திலேயே ஒன்றரை மடங்கு வளர்ந்துவிட்டன. முதலில் வளர்ந்தது அவர்கள் வீட்டு வாசல் கதவு. காலையில் பால் வாங்கப் போன சலூன்காரர் சம்சாரத்துக்குத் தாழ்ப்பாள் எட்டவில்லை. தான்தான் வயசாகிக் குறுகிப்போனோமோ என்று பயந்து, அந்த அம்மா ஒரு வாரம் யாரிடமும் மூச்சுவிடாமல் நாற்காலி போட்டு ஏறித் திறந்துகொண்டிருந்தார்.

மகளை ஆறு வயதிலேயே, நான் படிக்கவைக்கிறேன் என்று அத்தை பட்டணத்துக்குக் கூட்டிப்போய்விட்டாள். அங்கேயே படித்து, அங்கேயே ஓர் அச்சகத்தில் சோப்பு உறைக்கும் பிஸ்கட் உறைக்கும் படம் போட்டுக் காலம் தள்ளியவள், தலை நரைக்கத் தொடங்கியபோதுதான் தனக்கென்று வரைய உட்கார்ந்தாள். உட்கார்ந்தால் கைக்கு வந்ததெல்லாம் எங்கள் ஊர். அதுவும் ஆறு வயசுக்காரி பார்த்த ஊர். மளிகைக் கடை மேஜையைக் கீழேயிருந்துதானே பார்த்திருக்கிறாள்? மேஜையின் அடிப்பக்கத்தையும், அதில் துருத்திய ஆணியையும், மேலேயிருந்து எட்டிப்பார்த்த தராசுத் தட்டையும் வரைந்தாள். அங்கே வண்ணம் காய்ந்ததும் இங்கே மேஜை எல்லோர் தாடைக்கும் மேலே ஏறிவிட்டது. தபாலாபீஸ் ஜன்னல், பள்ளிக்கூடப் படி, பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு என்று ஒவ்வொன்றாக உயர்ந்தன. பட்டணம் போய் அவள் அறைச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து அண்ணன்காரன் சொன்ன பிறகுதான் ஊருக்குக் காரணம் தெரிந்தது. கூட்டம் போட்டுச் சத்தம் போட்டார்கள். போலீசுக்குப் போனால் என்னவென்று புகார் கொடுப்பது என்று யாருக்கும் விளங்காததால் விட்டுவிட்டார்கள். தச்சருக்கு யோகம் அடித்தது, வீட்டுக்கு வீடு முக்காலி. பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டி வந்ததில், பெரிய மனிதர்களுக்குள் இருந்த பழைய சொத்துத் தகராறுகள் தீர்ந்துபோயின. காலை ஆட்டிக்கொண்டே ஒருத்தரை எப்படி முறைப்பது?

வினை வந்தது சலூன் படத்தில். சுழல் நாற்காலி, கண்ணாடி, பவுடர் டப்பா, கத்தரி ஒன்றையும் அவள் விடவில்லை. அதற்கப்புறம் சலூன்காரர் முக்காலியில் ஏறி நின்றுதான் முடிவெட்ட வேண்டியிருந்தது. எழுபதைத் தாண்டிய முழங்கால். ஒரு காது முடிந்ததும் இறங்கி, முக்காலியை நகர்த்தி, மறுபடி ஏறி, அடுத்த காது. கத்தரியோ செடி வெட்டும் கத்தரி அளவுக்கு வளர்ந்திருந்தது. ஒரு நாள் சறுக்கித் தபால்காரர் காதைக் கீறிவிட்டார். தபால்காரர் பெருந்தன்மையாகச் சிரித்தார், ஆனால் சலூன்காரர் முகம் செத்துவிட்டது. வாடிக்கைக்காரர்கள் வேறு ஜோலி இருப்பதுபோலப் பக்கத்து ஊருக்கு நழுவினார்கள். கடையைப் பூட்டிவிடலாம் என்றான் மகன். கத்தரியை வைத்துவிட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாத மனுஷர் அவர். இருந்தும், தான் படும் பாட்டைப் பட்டணத்துக்கு யாரும் சொல்லக்கூடாது, பிள்ளை ஆசையாக வரைகிறது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அண்ணன் சொல்லிவிட்டான்.

அழுதுகொண்டே வந்து இறங்கினாள். அளவு நாடாவும் கையுமாக சலூனில் உட்கார்ந்து, நாற்காலி எவ்வளவு இருக்க வேண்டுமோ அவ்வளவுக்கு வரைந்தாள். நாற்காலி அசையவில்லை. மறுபடி வரைந்தாள். ம்ஹூம். நினைத்து வரைந்ததற்கு வளர்ந்த ஊர், அளந்து வரைந்ததற்கு மசியவில்லை. தரையில் கிடந்த முடியைப் பெருக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சலூன்காரர் கேட்டார்.

“தெருக்குழாயக்கூட விடாம வரைஞ்சிருக்க. என்னை மட்டும் ஏம்மா விட்டுட்ட?”

ஊர் வளரும் சேதியை அண்ணன் முன்பே சொல்லியிருந்ததால், பல தடவை ஆரம்பித்து, பெல்ட் வரைக்கும் வந்து, பயந்துபோய்க் கிழித்துப் போட்டதை அவள் சொன்னாள். “வரைஞ்சா நீங்களும் பெருசாயிடுவீங்கப்பா. அப்புறம் பஸ்ல ஏற முடியாது. எங்கயும் போக முடியாது.”

“நான் எங்கம்மா போகப்போறேன்?” என்றார் அவர். தன்னை மட்டும் வரையாமல் விட்டது இத்தனை நாளாக அவர் மனசில் கிடந்து அறுத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

இவருக்கு எந்தக் கடையில் சட்டை எடுப்பது, பக்கத்தில் நின்றால் நான் எப்படித் தெரிவேன் என்று அம்மா ஒரு மூச்சு புலம்பினார். பிறகு, வேலையில்லாமல் இந்த மனுஷன் நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்தால் என்னால் ஆகாது, வரைந்து தொலை என்று அவரே சொல்லிவிட்டார். மகள் அளவு நாடாவைச் சுருட்டி வைத்துவிட்டு வரைந்தாள். சட்டைப் பையில் சீப்பு, பெல்ட்டின் தேய்ந்த ஓட்டை, குனிந்து பார்க்கும் முகம், தாடைக்கு அடியில் குழந்தைகள் கண்ணுக்கு மட்டும் தெரியும் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. மறுநாள் பகல் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது டம்ளர் அவர் கைக்குள் மறைந்துபோயிற்று. நரை நரையாகவே இருந்தது, உயரம் மட்டும்தான் கூடியது. டம்ளரை வைத்துவிட்டுப் போய்க் கத்தரியை எடுத்தார். கைக்கு அச்சாகப் பொருந்தியது. இப்போது எங்கள் ஊரில் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் படுகிற ஒரே ஆள் அவர்தான். நாற்காலிக் கைப்பிடிகளின் குறுக்கே பலகை போட்டு, பள்ளித் தலைமையாசிரியர் ஆனாலும் தூக்கி உட்காரவைத்து, தாடையைப் பிடித்து ஆடாமல் இருக்கச் சொல்கிறார். எல்லோரும் ஆடாமல் இருக்கிறார்கள்.

மகள் பட்டணத்துக்குக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார். ரோட்டைக் கடக்கும்போது வண்டி வருகிறதா என்று பார்த்தபடியே கையை நீட்டினார். அவள் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான் அவள் கைக்கு அடங்கியது. பஸ் கண்டக்டர் வெளியூர்க்காரர். சலூன்காரரை அண்ணாந்து பார்த்தார், விரலைப் பிடித்து நின்ற நரைமுடிக்காரியைப் பார்த்தார், அரை டிக்கெட்டா என்று கேட்டார்.

“ஆமா, அரை டிக்கெட்தான். கொழந்தை தனியாப் போகுது, பாத்து எறக்கிவிடுங்க” என்றார் சலூன்காரர்.

கண்டக்டர் சரியென்று அரை டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, அவளை ஜன்னலோரமாக உட்காரவைத்தார்.