ஆறிய தழும்பு

இதில் ஒரே ஒரு சொல்லைப் பற்றி எனக்கு நிச்சயமில்லை. மற்றதெல்லாம் சரியாக நினைவிருப்பதாக நம்புகிறேன். ஆனால் அந்தச் சொல் தவறென்றால் மற்றவற்றையும் எப்படி நம்புவது?

1994. கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஏற்றிச் சாயம் போடுவது என் வேலை. அறிக்கையைத் தட்டச்சு செய்வதும் நான்தான்.

ரசாக்குக்கு முப்பத்தாறு வயது. துடியலூர் பக்கம் ஒரு பவுண்டரியில், வார்த்தெடுத்த பம்புகளில் ஒட்டியிருக்கும் மண்ணை அரைத்து எடுக்கும் வேலை. பதினாலு வருஷம். எங்கள் மாடிப்படி ஏற மூன்று தடவை நின்றார். அப்படியும் வாய் ஓயவில்லை.

"இருமுனா ஒரு செங்கல்லுக்கு ஆவற மண்ணு வருமுங்க சார். ஊடு கட்டறப்பச் சொல்லியுடுங்க, வந்து இருமிப்போட்டுப் போறேன்."

அவர் மனைவி உம்மல் குல்சும் சிரிக்கவில்லை. "பேசாம உக்காருங்க" என்றாள்.

சட்டைப்பையிலிருந்து காகிதத்தில் மடித்த வெல்லத்தை எடுத்து எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். அந்தப் பவுண்டரியில் ஷிப்ட் முடிந்ததும் ஆளுக்கு ஓர் அச்சு வெல்லம் கொடுப்பார்கள். உள்ளே போன மண்ணை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடுமாம். மூக்கு மூடி கேட்டவர்களுக்கும் வெல்லம்தான். முதலாளி சுந்தரராஜுலு அதை நம்பினாரா என்று தெரியாது. ஷெட்டுக்குள் வரும்போது அவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொள்வார் என்று ரசாக் சொன்னார்.

நான் வாங்கித் தின்றேன். வியர்வையில் இளகி, இரும்பு வாசனையடித்தது.

மார்பைத் திறந்து, நுரையீரலில் ஒரு துண்டெடுத்து அனுப்பினார்கள். சீவும்போது கத்தி கரகரத்தது. சதையின் நார்ப்புரதமான கொலாஜனை நீலமாகக் காட்டும் சாயம் போட்டேன். நல்ல நுரையீரலில் நீலம் அங்கங்கே நூலிழையாகத்தான் தெரியும். இதில் எங்கு பார்த்தாலும் நீலம். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல் வட்டத்துக்குள் வட்டம்.

உடம்பில் எங்கே காயம் பட்டாலும் இதே வேலைதான் நடக்கிறது. ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் முதலில் சாரம் கட்டும். அதைப் பிடித்துக்கொண்டு செல்கள் வந்து கொலாஜன் இழைகளை நெய்யும். காயம் மூடியதும் நெசவு நிற்க வேண்டும். ஆனால் நுரையீரலுக்குள் போன மணல் கரைவதில்லை. அதை விழுங்கிய செல் சாகிறது, மணல் வெளியே விழுகிறது, அடுத்த செல் விழுங்குகிறது. காயம் மூடுவதே இல்லை, நெசவும் நிற்பதில்லை. காற்றுக்கான இடத்தை உடம்பே தழும்பால் அடைத்துவிடுகிறது. வெல்லமோ வயிற்றுக்குத்தான் போகிறது.

எங்கள் கூடத்து டாக்டர் பாலகோபால் மைக்ராஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். "மண்ணுதாம்ப்பா" என்றார். சிலிக்கா தூசியால் வந்த தழும்பு, இனித் தூசியில் வேலை செய்யக்கூடாது என்று சொல்லச் சொல்ல, அடித்தேன்.

மறுநாள் சுந்தரராஜுலு வந்தார். மருத்துவமனை டிரஸ்டில் அவரும் ஒருவர். எங்கள் கூடத்துக்கு ஒரு கூடை வெல்லம் கொண்டுவந்திருந்தார். டாக்டரின் அறைக் கதவு கால்மணி நேரம் சாத்தியிருந்தது. அவர் போனதும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பிதுரை, அந்த ரிப்போர்ட்டை மாத்தி அடிச்சுருங்க. பழைய காசநோய், ஆறிய தழும்பு."

"ஸ்லைடு அப்படிக் காட்டலீங்களே சார்."

"எனக்கும் கண்ணு இருக்குதுப்பா."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு அவர், "அங்க எண்பது பேரு வேலை செய்யறாங்க. ஒருத்தனுக்கு எழுதுனா எண்பது பேருக்கும் எழுதோணும்" என்றார். அதைத்தான் காரணமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, சுத்தமாக இருந்த மேஜையைத் துடைத்தார். நான் போய் உட்கார்ந்து, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் அடித்தேன்.

நடைவழியில் உம்மல் குல்சும் காத்திருந்தாள். கையில் அந்த அறிக்கை.

"ஆறின தழும்புன்னு போட்டிருக்குன்னு நர்சம்மா படிச்சுச் சொன்னாங்க. ஆறிப்போச்சுன்னா மறுபடி வேலைக்குப் போலாமுங்களா சார்?"

"டாக்டரைக் கேளுங்க" என்று நான் சொன்னதாகவே நினைவு.

இரண்டு வருஷம் கழித்து உக்கடம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். ரசாக் போய்விட்டார் என்றாள்.

"கடைசி மாசம் வரைக்கும் வேலைக்குப் போனாருங்க. போலாம்னு நீங்க சொன்னீங்கல்லங்க சார், அந்தத் தெம்புதான்."

அவள் குத்திக் காட்டவில்லை. நன்றிதான் சொன்னாள். என் வாயில் வெல்லம் ஊறியது. பேருந்துக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தேன்.

ரசாக் இறந்தது 1996 பிப்ரவரியில். உம்மல் குல்சும் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருக்கிறாள். ரசாக்கின் இடத்தில் இப்போது அவள் தம்பி மண் அரைக்கிறான். டாக்டர் பாலகோபால் ஓய்வு பெற்று மகளோடு பெங்களூரில் இருக்கிறார். சுந்தரராஜுலு இன்னும் டிரஸ்டில் இருக்கிறார். பவுண்டரியில் இன்னும் வெல்லம் கொடுக்கிறார்கள். நான் அதே கூடத்தில் வேலை பார்க்கிறேன். அந்தக் கண்ணாடித் துண்டு என் மேஜை டிராயரில் இருக்கிறது. யாரிடமும் காட்டியதில்லை.