வேர் போன தடம்

“பொட்டி எறங்காது, ஓரத்துல இன்னும் ரெண்டு வெட்டு போடு!” என்று பாக்கியராஜ் கத்தினான். ஜெபாவின் அப்பா வேலை செய்த குவாரியில் லாரி ஓட்டுகிறவன். ஷிப்டு முடிந்து நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் குழி வெட்ட வந்துவிட்டான். கடப்பாரை விழுந்ததும் குழிச்சுவர் சரிந்தது. மேலே ஆற்று வண்டல், கீழே செம்மண். அப்பாவின் பெட்டி பக்கத்தில் காத்திருக்க, ஜெபாவின் பாழாய்ப்போன கண் மண்ணைத்தான் பார்த்தது.

நிலவியல் படிப்பு அப்படி. தேர்வாய் கண்டிகைப் பக்கத்துக் குவாரியிலிருந்து எடுத்த கல்லில்தான் அவளுடைய ஆராய்ச்சி. அங்கே பாறைச் சுவரில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை ஓடும். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஓர் ஆற்றோரம் செடிகொடி முளைத்துக் கிடந்த தரை. திறந்து கிடந்திருந்தால் மழை அரித்துக்கொண்டு போயிருக்கும். வெள்ளம் வண்டலைக் கொட்டி மூடியதால் பிழைத்தது. மேலே சுமை ஏற ஏறக் கல்லானது. வேர் மட்கினாலும் அது போன தடம் வெளிறிய கோடாக அப்படியே இருக்கும்.

அதை முதலில் பார்த்துச் சொன்னவர் அங்கே பொக்லைன் ஓட்டிய அப்பா ஆசீர்வாதம்தான். “கல்லுக்குள்ள வேரு ஓடுதும்மா, வந்து பாரேன்” என்று போன் செய்தார்.

போன வருஷம் பேராசிரியரோடு போனாள். கிரீஸ் படிந்த சட்டையோடு அப்பா சிரித்துக்கொண்டே கிட்டே வந்தார். “இவர் யாரு?” என்றார் பேராசிரியர்.

“இங்க மிஷின் ஓட்டறவர் சார்.”

‘எங்கப்பா’ என்று சொல்லியிருந்தால் நாக்கு அறுந்தா போயிருக்கும்? அப்பா “பாத்து வாங்க மேடம், வழுக்கும்” என்று வழிவிட்டார். அதன்பின் வீட்டில் அவரும் அதைப் பேசவில்லை, இவளும் பேசவில்லை. மூடி வைத்தால் மட்கிவிடும் என்று நினைத்தாள். அவள் படித்த படிப்புக்கு அப்படி நினைத்தாள்! நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை.

பெட்டி இறங்கியது. பாஸ்டர் ஜெபித்து முடித்தார். அம்மா சாராள் மூன்று பிடி மண் போட்டாள். அடுத்து ஜெபா குனிந்து மண்ணை அள்ளினாள்.

“மேடம், மேடம்! செத்த இருங்க,” என்று பாக்கியராஜ் பதறிக்கொண்டு வந்தான். “மொதல்ல சொந்தக்காரங்க போட்டுடட்டும். யாருப்பா அங்க, மேடத்துக்கு ஒரு சேர் போடு.”

யாரோ நாற்காலி கொண்டுவந்து வைத்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். “அன்னிக்கு குவாரிக்கு வந்தவங்கதான நீங்க? நெனப்பு வச்சிக்கினு வந்துகிறீங்க. ஆசீர்வாதம் அண்ணன் பொண்ணும் உங்க படிப்புதானாம். அதுவும் அன்னிக்கு வர வேண்டியது, ஜொரம், வரலன்னு சொல்லிக்கினு இருந்தாரு. பெத்த அப்பன் சாவுக்குக்கூட அதக் காணமே, பாருங்க.”

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள்.

“நான்தாண்ணா அந்தப் பொண்ணு.”

பாக்கியராஜ் குழியை ஒருதரம் எட்டிப் பார்த்தான். ஜெபா மூன்று பிடி போட்டாள். போட்டு நிமிர்ந்தபோது, அவன் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் போய்க்கொண்டிருந்தான்.