கறுத்துப்போன ரசீது

வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி. அதற்குள் உதவித்தொகைக் கடிதம் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால், மின்சாதனப் பழுதுபார்ப்பு வகுப்பில் மடிப்பக்காவுக்கு ஒதுக்கிய இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அவ்வளவுதான் விஷயம். இந்தச் சின்ன விஷயத்துக்கு அவளை மூன்று மாதமாக நாயாக அலையவிட்டார்களே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

மடிப்பக்கா என்பது சலவை நிலையத்தில் வைத்த பெயர். அவள் தேய்த்த கால்சட்டை மடிப்பில் விரல் பட்டால் அறுத்துவிடும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேலி செய்வார்கள். பதினோரு வருஷமாக நீராவி இஸ்திரிப் பெட்டியோடு மல்லுக்கட்டியதில் வலது தோள் போயிருந்தது. கண் போகவில்லையே. பெட்டி பழுதானால் மெக்கானிக் வருவார், நாலு திருகைக் கழற்றுவார், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சாமானை மாற்றுவார், அவளுடைய மூன்று நாள் கூலியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். அதைப் பார்த்துப் பார்த்தே அவள் வேலையைக் கற்றுக்கொண்டாள். மெக்கானிக் வராத ஒருநாள் தானே கழற்றிச் சரிசெய்தும் விட்டாள். முதலாளி பாராட்டினாரா என்றால் அதுதான் இல்லை.

"சர்டிபிகேட் இல்லாம இதுல எல்லாம் கை வைக்கலாமா? ஷாக் அடிச்சு ஏதாவது ஆச்சுன்னா நான்தானே மாட்டுவேன்" என்று குதித்தார். அப்புறம் சூடு தணிந்து, "படிச்சு சர்டிபிகேட் வாங்கிட்டு வா. நம்ம மூணு கடை மெஷினும் உன் பொறுப்பு" என்றார்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிளம்பினாள். ஒரு வருஷப் படிப்பு, மாலை வகுப்பு. நுழைவுத் தேர்வு எழுதி இடமும் வாங்கிவிட்டாள். கட்டணத்துக்குத்தான் வழியில்லை. வேலை பார்த்துக்கொண்டே தொழில் படிப்பவர்களுக்கு முழுக் கட்டணமும் கொடுக்கிற உதவித் திட்டம் ஒன்று இருக்கிறது என்று பயிற்சி நிலையத்திலேயே சொன்னார்கள்.

இருக்கிறது, யார் இல்லை என்றார்கள்? அதைக் கையில் வாங்குவதற்குள் உயிர் போய்விடுகிறது. உதவித்தொகை அலுவலகத்துக்கு முதல் தடவை போனபோது, விண்ணப்பத்தில் தகப்பனார் கையெழுத்து இல்லை என்று திருப்பினார்கள். நாற்பத்தோரு வயதுக்காரியிடம் தகப்பனார் கையெழுத்து கேட்டால் அவள் எங்கே போவாள்?

"அவர் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆச்சு சார்" என்றாள்.

"அப்ப இறப்புச் சான்றிதழ் வேணும்" என்றார் மூக்குக்கண்ணாடி போட்ட எழுத்தர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

இரண்டாம் தடவை, வருமானச் சான்றிதழில் முத்திரை தெளிவாக இல்லையாம். மூன்றாம் தடவை ஒருவழியாக வாங்கிக்கொண்டு, பெரிய பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொல்லி, மேசைமேல் இருந்த குட்டி மெஷினிலிருந்து ஒரு துண்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். அதில் நீளமாக ஓர் எண். "ரெண்டு மாசம் கழிச்சு வாங்க. இந்த ரசீது இல்லாம வராதீங்க." போன வாரம் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தபோது, "இன்னும் ரெண்டு மாசம் முடியலையே" என்று வாசலிலேயே விரட்டிவிட்டார்.

இரண்டு மாதக் கெடு முடிந்த வியாழக்கிழமை, வேலை முடிகிற நேரத்தில் ரசீதைப் பணப்பையிலிருந்து எடுத்தாள். கசங்கிச் சுருண்டு கிடந்தது. எழுத்து வேறு மங்கியிருந்தது. கசங்கியதால்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தாள். கசங்கலைக் கண்டால் அவள் கை சும்மா இருக்குமா? மேசையில் விரித்து, மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு, சூட்டைக் குறைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பட்டுக்கு எவ்வளவு சூடு, கம்பளிக்கு எவ்வளவு சூடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்த மெஷின் தாளுக்குச் சூடே ஆகாது என்பது அவளுக்கு யார் சொல்லித் தெரியும்? துணியை எடுத்துப் பார்த்தால், ரசீது ஒரு சுருக்கம் இல்லாமல் நேராகக் கிடந்தது. முழுக்கக் கறுப்பாக.

வீட்டுக்காரன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை யாரு தேய்க்கச் சொன்னா?"

"கை தேய்ச்சிருச்சுங்க."

"சரி விடு. பேரைச் சொன்னா எடுத்துக் குடுக்க மாட்டாங்களா? அவங்களும் மனுஷங்கதானே" என்றான். நல்ல மனுஷன், பாவம், அந்த அலுவலகத்துக்குள் அவன் காலை வைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்புப் போட்டு, ஒரு மணியிலிருந்து வரிசையில் நின்று, சன்னலை எட்டியபோது மணி இரண்டே முக்கால்.

"என்னம்மா இது?" என்றார் எழுத்தர்.

"ரசீது சார். கசங்கியிருந்துச்சுன்னு தேய்ச்சுட்டேன்."

அவர் பக்கத்து மேசைக்காரரிடம் அதைத் தூக்கிக் காட்டினார். "இங்க பாருய்யா, ரசீதை இஸ்திரி போட்டுக் கொண்டாந்திருக்காங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். மடிப்பக்காவுக்கு முகம் எரிந்தது.

"அந்தப் பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கு சார். பேரை வச்சுப் பாருங்க."

"பேரை வச்செல்லாம் பாக்க முடியாது. நம்பர் வேணும். உங்க கவனக்குறைவுக்கு நாங்க என்ன பண்றது? புதுசா அப்ளிகேஷன் போடுங்க."

"நாலு மணிக்கு என் சீட்டு போயிடும் சார்."

"தேய்க்கிறதுக்கு முன்னாடி அதை யோசிச்சிருக்கணும்."

தப்பு தன்மேல்தானே என்று அவள் ரசீதை எடுத்துக்கொண்டாள். திரும்பிப் போகக் காலெடுத்தவளை, பின்னால் நின்ற வெல்டர் நிறுத்தினார். கையெல்லாம் தீப்பொறித் தழும்பு உள்ள ஆள்.

"அக்கா, இதைப் பாருங்க" என்று தன் ரசீதை நீட்டினார். வெள்ளை வெளேர் என்று இருந்தது. ஓர் எழுத்து இல்லை. "நான் தேய்க்கவும் இல்லை, நனைக்கவும் இல்லை. பீரோவுக்குள்ளதான் வச்சிருந்தேன். ஒன்றரை மாசத்துல தானா அழிஞ்சு போச்சு."

அவருக்குப் பின்னால் நின்ற பெண்ணும் தன்னுடையதை எடுத்தாள். அதுவும் வெள்ளை. வரிசையில் எட்டுப் பேர், அதில் ஆறு பேர் கையில் வெறும் தாள்.

ஒன்றரை மாதத்தில் அழிகிற ரசீதைக் கொடுப்பார்களாம். இரண்டு மாதம் கழித்து வரச் சொல்வார்களாம். ரசீது இல்லாமல் வராதே என்பார்களாம். நேற்று மாலையிலிருந்து தன்னைத்தானே எத்தனை திட்டுத் திட்டிக்கொண்டாள். அதெல்லாம் ஞாபகம் வந்ததும் அவளுக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. ஆறு ரசீதையும் வாங்கி, சன்னல் பலகையில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இதுல நம்பரைப் படிச்சுச் சொல்லுங்க சார். நான் கவனக்குறைவா தேய்ச்சேன். இவங்கெல்லாம் என்ன பண்ணாங்க?"

"சத்தம் போடாதீங்கம்மா."

"இன்னும் போடவே இல்லை சார். போட்டா தெருமுனை வரைக்கும் கேக்கும்."

உள்ளறைக் கதவு திறந்தது. அதிகாரி அம்மாள் வந்து பலகையைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், பதிவேட்டைத் திறக்கச் சொன்னார். அவள் பெயரைத் தேடிப் பிடிக்க நாலே நிமிஷம்தான் ஆனது. பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது. கடிதம் முத்திரையோடு கோப்புக்குள் படுத்திருந்தது.

"ஏன் அனுப்பலை?" என்றார் அதிகாரி.

"ரசீதோட வந்து வாங்கிக்கணும்னுதானே மேடம் ரூல்" என்றார் எழுத்தர். கடிதத்தை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு, பதிவேட்டில் ஒரு கட்டத்தைக் காட்டினார். "இங்க கையெழுத்துப் போடுங்க. தேதி மட்டும் மூணு வாரத்துக்கு முந்தின தேதியா போட்டுடுங்க."

"எதுக்கு?"

"ஏழு நாளைக்குள்ள குடுத்திருக்கணும். தணிக்கையில கேப்பாங்க. உங்களுக்கென்ன, லெட்டர் கிடைச்சாப் போதும்ல?"

அதிகாரி அம்மாள் சட்டென்று மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மணி மூன்று இருபது. பேருந்தில் அரைமணிப் பயணம். "போட்டுட்டுக் கிளம்புங்கக்கா, நேரமாச்சு" என்று வெல்டர் கிசுகிசுத்தார். அவர் சொன்னதும் நல்லதுக்குத்தான். ஆனால் அந்தத் தேதியைப் போட்டால், கடிதத்தை வாங்கி மூன்று வாரம் வீட்டில் வைத்துக்கொண்டு தூங்கியவள் அவள் என்று ஆகிவிடாதா? அவர்கள் பண்ணிய கூத்துக்கு இவள் சாட்சிக் கையெழுத்தா?

கையெழுத்தைப் போட்டாள். பக்கத்தில் இன்றைய தேதியைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். அதற்குக் கீழே, மாலை 3.22.

எழுத்தருக்கு முகம் கடுத்தது. "அப்ப லெட்டர் தர முடியாது."

"வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்தே போட்டாச்சு சார். இனிமே அதை நீங்க வச்சிருந்தா, என் பொருளைத் திருடி வச்சிருக்கீங்கன்னு அர்த்தம்."

உள்ளங்கை மெல்ல எழுந்தது. அவள் கடிதத்தை உருவிக்கொண்டு ஓடினாள்.

பேருந்திலிருந்து இறங்கி, மூச்சு வாங்க, பயிற்சி நிலையத்தின் கட்டணப் பிரிவுக்குள் நுழைந்தபோது நாலுக்கு மூன்று நிமிஷம் இருந்தது. அங்கிருந்த பெண் கடிதத்தை நிதானமாகப் படித்தாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடியே அனுமதி ஆகியிருக்கே. இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க? கடைசி நிமிஷத்துல ஓடி வரீங்க. படிப்புல அக்கறை வேணாமா?"

மடிப்பக்கா மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "முதல்ல முத்திரையைக் குத்துங்க. அப்புறம் சொல்றேன்."

முத்திரை விழுந்தது. இடம் அவளுடையது. சொல்றேன் என்றதைச் சொல்லாமலே திரும்பி நடந்தாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்து வீட்டுக்காரனுக்குப் போன் போட்டாள்.

"கிடைச்சிடுச்சா?" என்றான்.

"கிடைச்சிடுச்சுங்க."

"அப்புறம் எதுக்கு அழுற?"

"போன வாரம், பாதிக் கட்டணமாவது தேறட்டும்னு உங்க பைக்கை வித்தோமேங்க. அன்னைக்கும் அந்த லெட்டர் என் பேரைப் போட்டுக்கிட்டு அங்கதாங்க கிடந்திருக்கு."

"நான் நடந்து வர கொஞ்ச நேரம் ஆகும். நீ அங்கேயே இரு" என்றான்.